அரை மில்லி இறக்கச் சொன்னார்கள்

கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தையும் மரத்தையும் குடையும் மில்லிங் மெஷினுக்கு ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்வது ஒன்றுதான். வெட்டுகிற டூல் போக வேண்டிய பாதையைப் போட்டு முடித்ததும், திரையில் அது ஓடுகிற படத்தைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். நீலக் கோடு வரிசையாக இறங்கும், மூலையில் வளையும், குழி அழகாக உருவாகும். சினிமா மாதிரி இருக்கும். நானும் பார்த்திருக்கிறேன், இரண்டு முறை மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் எல்லாமே சரியாகத்தான் நடக்கும். நீங்கள் கம்ப்யூட்டருக்குச் சொன்னது மட்டும்தான் அதில் இருக்கிறது. சொல்லாதது எல்லாம் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

அப்படிப் பக்கத்தில் கிடந்த ஒன்றைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடியவன். ஆம்பூரில் ஓட்டலில் தட்டு கழுவினேன், ராணிப்பேட்டையில் லேத்துக்கு எண்ணெய் விட்டேன், பிறகு ஓசூர், புனே, ராஜ்கோட், மறுபடி ஓசூர், கடைசியாகத் திருவண்ணாமலை. ஓர் ஊரில் வேலை பழகிவிட்டால் அடுத்த ஊர் எப்படி இருக்கும் என்று கால் அரிக்கும். பல பட்டறைகளில் மெஷினுக்குப் பின்னால் அட்டை விரித்துத்தான் படுத்தேன். மழைக்காலத்தில் அந்தச் சூடு நன்றாக இருக்கும், வெயில் காலத்தில் மாடிக்குப் போய்விடுவேன். எனக்கு யாரும் மாலை போட்டு ஓய்வு கொடுக்கவில்லை. இடது கண்ணில் புரை விழுந்து அளவெடுக்கும் வெர்னியரின் கோடு இரண்டிரண்டாகத் தெரிந்ததும் நானாக இறங்கிக்கொண்டேன். இப்போதும் அதே திருவண்ணாமலையில், செங்கம் சாலைப் பக்கம் ஒரு சந்தில் வாடகை அறை. கீழே வெளிநாட்டுக்காரர்களுக்கு இஞ்சி டீ போடும் கடை. எனக்கும் ஒன்று மேலே வந்துவிடும்.

ப்ரோக்ராம் எழுத எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஓசூரில் ஒரு பெண். என்னைவிட ரொம்பச் சின்னவள், டிப்ளமா முடித்தவள். தன் பேரை எங்கேயும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், அதனால் சொல்லவில்லை. சாஃப்ட்வேரில் வரும் ஆங்கில வார்த்தைகளை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவள் நாலு பாதை போட்டுவிடுவாள். ஆனால் எந்த வேலையை எடுத்தாலும் டூல் எது, வேகம் எவ்வளவு என்று எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு கட்டத்துக்குப் போய் ஒரு எண்ணை அடிப்பாள். அதுதான் டெப்த் லிமிட். டூல் எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம், அதற்குக் கீழே எக்காரணம் கொண்டும் போகக் கூடாது என்கிற எல்லை.

"இதைக் கடைசியில போட்டா ஆவாதா?" என்று கேட்டேன்.

"எங்க போவணும்னு டூலுக்கு அப்பறமா சொல்லிக்கலாம்ணா. எங்க போவக் கூடாதுன்னு மொதல்ல சொல்லிடணும். அப்பறம்னா மறந்துடுவோம், மறக்கலன்னா மாத்திடுவோம்" என்றாள்.

மறப்பது புரிந்தது. மாற்றுவது ஏன் என்று அப்போது புரியவில்லை. புரிந்தது சில வருடங்களுக்கு முன், இதே ஊரில், அம்சவேணி கொண்டுவந்த தட்டில்.

அம்சவேணி, கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்காரர். ஐம்பது வயது இருக்கும். அங்கே பெண்கள் சேர்ந்து பிரஸ்ஸில் அகல் விளக்கு அழுத்தி, காயவைத்துச் சுட்டு விற்கிறார்கள். அவர்தான் அந்தக் குழுவுக்குத் தலைவி. பிரஸ்ஸில் இரண்டு பாகம். கீழே குழிகள் உள்ள கனமான அலுமினியத் தட்டு, மேலே அந்தக் குழிக்குள் இறங்கும் குமிழ்கள். குழியில் மண்ணை வைத்துக் கைப்பிடியை இழுத்தால் விளக்கு. குழி விளக்கின் வெளிப்பக்கம், குமிழ் அதன் உள்பக்கம்.

மண் அலுமினியத்தை அரித்துவிடும். அவர்களுடைய தட்டு தேய்ந்து, விளக்குகளின் விளிம்பு பிசிறு பிசிறாக வந்துகொண்டிருந்தது. மேலே கொஞ்சம் சீவி எடுத்துவிட்டு, அதே குழிகளை இன்னும் கீழே இறக்கித் தர வேண்டும். இதுதான் வேலை. தட்டின் அடிப்பக்கத்தில் பிரஸ்ஸோடு பூட்டும் போல்ட்டுகளுக்கான துளைகள் இருந்தன. அவற்றில் சில, குழிகளுக்கு நேர் கீழே வந்தன. மேலிருந்து குழி இறங்குகிறது, கீழிருந்து துளை ஏறுகிறது. நடுவில் மிஞ்சுவது மெல்லிய அலுமினியம். நான் கணக்குப் போட்டேன். விளக்குக்கு வேண்டிய ஆழத்துக்கு இறக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே மிஞ்சும். அதற்கும் கீழே போனால், வெட்டும்போது ஒன்றும் ஆகாது. பிரஸ் இறங்கும் அழுத்தத்தில் அடி கிழிந்துவிடும். அதாவது விளக்கு கேட்கிற ஆழமும் தட்டு தாங்குகிற ஆழமும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்த இடத்தில் எல்லையைப் போட்டேன்.

"கிழிஞ்சா வேற தட்டு போட்டுக்கலாமாக்கா?" என்று கேட்டேன்.

"போட்டுக்கலாமே. அத்த செஞ்சி எடுத்துனு வர்றதுக்குள்ள தீபம் முடிஞ்சிடும். நாங்க பொங்கலுக்கு அகல் விப்போம்" என்றார் அம்சவேணி.

கார்த்திகைக்கு விற்பதுதான் அவர்களுக்கு வருஷம் முழுவதுக்குமான வருமானம். ஆயுத பூஜை முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. மண் அழுத்தி, நிழலில் காயவைத்து, சூளை வைப்பதற்கு இப்போது ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும்.

நான் வேலை பார்த்த பட்டறை செங்கம் சாலையில் இருந்தது. வழக்கமாக லாட்ஜுகளுக்குப் பெயர்ப் பலகை, வீடுகளுக்கு மரக் கதவில் பூ வேலை, அவ்வளவுதான். அரை மில்லி கூடினாலும் குறைந்தாலும் யாரும் கேட்காத வேலைகள். முதலாளி நல்ல மனிதர், அவசரக்காரர். ஆபரேட்டர் ஏழுமலை, கை சுத்தம், பக்தி ஜாஸ்தி. நான் ப்ரோக்ராம்.

வேலை நடந்த நாள் பௌர்ணமி. மத்தியானத்துக்கு மேல் கிரிவலப் பாதையில் வண்டிகளை விட மாட்டார்கள். அதற்குள் தட்டை முடித்து, ஆட்டோவில் ஏற்றி அடி அண்ணாமலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது முதலாளியின் திட்டம். அம்சவேணி காலையிலேயே வந்து, ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் ஈரச் சாக்கில் சுற்றிய மண் உருண்டை, பிரஸ்ஸிலிருந்து கழற்றிய ஒரு குமிழ்.

"இன்னாத்துக்குக்கா மண்ணு?" என்று கேட்டான் ஏழுமலை.

"உங்க கம்பியூட்டர் சரின்னு சொல்லும். என் கட்ட வெரலு சொல்லணும் இல்ல?"

மெஷினுக்குத் தட்டின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று தானாகத் தெரியாது. உயரம் தெரிந்த சின்ன எஃகுக் கட்டை ஒன்றைத் தட்டின்மேல் வைத்து, டூலை மெல்ல இறக்கிக் கட்டையின் தலையில் தொட வைப்போம். கட்டையின் உயரத்தைக் கழித்தால் மேற்பரப்பு. இதை ஜீரோ எடுப்பது என்போம். டெப்த் லிமிட் என்பது அந்த ஜீரோவிலிருந்து கீழே எண்ணுவது. ஏழுமலை மேலே சீவி முடித்து, டூலை மாற்றி, ஜீரோ எடுத்தான். முதல் குழியை மட்டும் வெட்டச் சொன்னேன்.

வெட்டி முடித்து வெர்னியரில் பார்த்தால் அரை மில்லி ஆழம் கம்மி. அதற்குள் அம்சவேணி எழுந்து வந்து, குழியில் மண்ணை வைத்துக் குமிழை அழுத்தி, வந்த விளக்கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார்.

"அடி பத்தலங்க. இதுல எண்ண ஊத்துனா கசிஞ்சி வெளிய வந்துடும். வாங்கறவங்க என்னத்தான் திட்டுவாங்க, உங்கள இல்ல."

"எவ்ளோ கம்மி?" என்றார் முதலாளி.

"அரை மில்லி."

"அவ்ளோதான? ப்ரோக்ராம்ல அரை மில்லி இறக்கி வுட்டுடுங்கண்ணா. முடிஞ்சிது."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களில் பத்துக்கு ஒன்பது பேர் இறக்கிவிடுவீர்கள். அது முட்டாள்தனம் இல்லை, நியாயமாகத் தோன்றுவது. கம்மியாக இருக்கிறது, அதனால் கூட்டு. எனக்கும் விரல் அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டது. ஆனால் இது சும்மா ஓர் எண் இல்லை. இதற்குக் கீழே தட்டு இல்லை என்பதற்காகப் போட்ட எண்.

"ஒரு குழி இன்னும் வெட்டிப் பாக்கலாம்" என்றேன். "ஏழுமலை, ஜீரோவ மறுபடி எடு. நம்பர் எதுவும் மாத்தல."

இரண்டாவது குழி வெட்டினோம். வெர்னியரில் கால் மில்லி கம்மி.

அதே ப்ரோக்ராம், அதே டூல், அதே தட்டு. முதல் குழியில் அரை, இரண்டாவதில் கால். முதலாளிக்கு மகிழ்ச்சி. "பாத்தீங்களா, தானா சரியாவுது! இன்னும் கால்தான். கால் இறக்குங்க, போதும்."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இரண்டு குழியிலும் அரையே குறைந்திருந்தால் நானே இறக்கியிருப்பேன், உண்மையைச் சொல்கிறேன். குறை மாறுகிறது என்றால் மூன்றாவது குழியில் அது என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? கால் மில்லியை நான் இறக்கிய பிறகு, அந்தக் குறை அடுத்த குழியில் காணாமல் போனால், டூல் எல்லையைத் தாண்டிக் கால் மில்லி கீழே போகும். திரையில் எல்லாம் பச்சையாகத்தான் காட்டும். புது எல்லையைத்தான் அது மதிக்கும், பழைய எல்லையை நான் ஏன் போட்டேன் என்று அதற்குத் தெரியாது.

"இறக்க மாட்டேன்" என்றேன்.

"ண்ணா, மணியப் பாருங்க. ரோட்ட மூடிடுவாங்க."

"மூடட்டும்."

"அந்தக்கா அங்க பொம்பளைங்கள உக்கார வெச்சிட்டு வந்திருக்காங்க!"

அம்சவேணி என்னைப் பார்த்தார். "கம்பியூட்டர்காரரே, எறக்குனா இன்னா ஆவும்?"

"சரியாவும் இருக்கலாம். கிழிஞ்சும் போலாம். எதுன்னு எனக்குத் தெரியல."

"தெரியலியா?"

"தெரியலக்கா."

அவர் பெயிண்ட் டப்பாவில் போய் உட்கார்ந்தார். "அப்ப தெரிஞ்சிக்கினு எறக்குங்க. நான் உக்காந்திருக்கேன்." முதலாளி பக்கம் திரும்பினார். "தம்பி, நீ போய் டீ சொல்லு. சக்கர ஜாஸ்தியா."

முதலாளி போனார். நான் ஏழுமலையிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் என் கண் முன்னால் செய்யச் சொன்னேன். அவன் டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலைப் பார்த்தான், ஆட்டம் இல்லை. டூலைக் கழற்றித் துடைத்து மாட்டினான். தட்டின் பிடிப்புகளை அழுத்திப் பார்த்தான், நகரவில்லை. கடைசியாக எஃகுக் கட்டையை எடுத்தான். எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். பிறகு பொட்டு வைத்த பக்கம் மேலே வரும்படி மரியாதையாகத் தட்டின்மேல் வைத்தான்.

அம்சவேணி சிரித்தார். "ஏம்ப்பா, இத்தினூண்டு இரும்புக்கு இவ்ளோ சந்தனமா? எங்க வூட்டு மிக்ஸிக்குக் கூட நாங்க இப்டி அப்ப மாட்டோம்."

நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முதலாளியின் மனைவி வந்து பட்டறை முழுவதும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருந்தார். தாராளமான கை. மெஷினுக்கு, கம்ப்யூட்டருக்கு, மவுஸுக்கு, வெர்னியர் பெட்டிக்கு, தண்ணீர் கேனுக்கு, நெருப்பணைக்கும் சிலிண்டருக்கு. எல்லாவற்றிலும் இருந்ததால் ஒன்றிலும் கண்ணில் படவில்லை. அந்தப் பட்டறையில் பூஜைப் பொட்டைத் துடைக்கவும் மாட்டார்கள். வேலை செய்யச் செய்யத் தானாக உதிர வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். மரக் கதவும் பெயர்ப் பலகையும் வெட்டிய நாட்களில் அந்தச் சந்தனத்தின் உயரத்தை யாரும் கேட்கவில்லை.

டூல் கட்டையின் தலையைத் தொடவில்லை, காய்ந்த சந்தனத்தின் தலையைத் தொட்டது. அந்த அளவுக்கு மெஷின் மேற்பரப்பை உயரமாக நினைத்துக்கொண்டது. அதனால் குழி ஆழம் குறைந்தது. முதல் தடவை டூல் அழுத்தியதில் சந்தனம் கொஞ்சம் நொறுங்கியது, இரண்டாவது தடவை கொஞ்சம் குறைந்த உயரத்தில் தொட்டது. மூன்றாவது தடவை மொத்தமாக உதிர்ந்திருந்தால், நான் எல்லையைக் கால் மில்லி இறக்கியும் வைத்திருந்தால், அவ்வளவுதான்.

டீயோடு வந்த முதலாளியிடம் சொன்னேன். அவர் குனிந்து கட்டையின் தலையைக் கிட்டத்தில் பார்த்தார்.

"துணி குடு, துடைச்சிட்றேன்" என்றேன் ஏழுமலையிடம்.

"ண்ணா, இருங்க. கையால துடைக்கக் கூடாது. எங்க வூட்ல கேட்டா..." என்று இழுத்தார் முதலாளி.

ஏழுமலையும் தயங்கினான். "வேற கட்டை இருந்தா பாக்கலாமாண்ணா?"

"இருக்கு, அதுலயும் பொட்டு இருக்கு" என்றேன்.

மூன்று ஆண்கள் ஒரு கட்டையைச் சுற்றி நின்றோம். அம்சவேணி டீயை வைத்துவிட்டு வந்து, கட்டையை எடுத்து, மண் சுற்றியிருந்த ஈரச் சாக்கில் தலைப்பக்கத்தை அழுத்தித் தேய்த்தார். பளபளவென்று ஆனது. தன் நெற்றியில் இருந்த குங்குமத்தை விரலால் தொட்டுக் கட்டையின் பக்கவாட்டில் சின்னதாக வைத்தார்.

"தலையில வெச்சாத்தான் ஏத்துக்குமா? இடுப்புல வெச்சாலும் ஏத்துக்கும். சாமிய விட நீங்கதாண்டா ஜாஸ்தி கோச்சிக்கிறீங்க. எடுத்துப் போய் வேலையப் பாருங்க."

ஏழுமலை ஜீரோ எடுத்தான். எந்த எண்ணையும் மாற்றாமல் அதே இரண்டு குழிகளை மறுபடி ஓட்டினோம். வெர்னியர் சொன்னது சரி. அம்சவேணியின் கட்டை விரல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ம்" என்றது. மீதிக் குழிகளை வரிசையாக ஓட்டினோம்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆழம் குறைந்தால் எல்லையைத் தொடாதீர்கள். முதலில் இன்னொரு முறை வெட்டி, குறை அதே அளவில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் காரணம் தேட நேரம் இருக்கிறது. ஆடினால் எதையும் தொடாமல் மெஷினைச் சுற்றி வாருங்கள். "எனக்குத் தெரியல" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். பொருளுக்குச் சொந்தக்காரர் அதைக் கேட்டுக் கோபப்படுவார் என்று நினைக்கிறோம். தெரியும் என்று சொல்லிக் கெடுத்தால்தான் கோபப்படுவார்கள். எல்லைக்கான காரணத்தை ப்ரோக்ராமிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். "கீழே போல்ட்டுத் துளை" என்று இருந்தால், உங்களுக்குப் பிறகு உட்காருகிறவனின் விரல் ஒரு நொடி தயங்கும்.

நான் பிடிவாதம் பிடித்த நேரத்துக்கு ஒரு விலை இருந்தது. தட்டு முடியும்போது பாதையை மூடிவிட்டார்கள். ஆட்டோக்காரர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். செங்கம் சாலை முழுக்கத் தலைகள், வெறுங்காலோடு கிரிவலக் கூட்டம். நாளைக்குக் கொண்டுபோகலாம் என்றார் முதலாளி. அம்சவேணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

ஏழுமலையின் சைக்கிள் கேரியரில் தட்டை வைத்து, அதன்மேல் மண் படக் கூடாது என்று ஒரு காவித் துண்டைச் சுற்றிக் கயிறு போட்டோம். ஏழுமலை தள்ளினான், நானும் முதலாளியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம், அம்சவேணி முன்னால் போனார். நல்லவேளையாக அடி அண்ணாமலை கூட்டம் போகிற திசையிலேயே இருந்தது. மலை வலது கைப் பக்கம், நாங்களும் அவர்களோடு. கொஞ்ச தூரம் போனதும் ஓர் அம்மா துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைப் பார்த்து அவர் பின்னால் வந்தவர்கள். ஒருத்தர் ஓரமாக ஒதுங்கிக் கும்பிட்டு வழிவிட்டார். போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தக் கையைத் தூக்கியவர், துண்டைப் பார்த்ததும் அந்தக் கையாலேயே போகச் சொன்னார்.

"இன்னா சாமிம்மா இது?" என்று கேட்டாள் ஒரு பெண்.

"இன்னும் சாமியாவல" என்றார் அம்சவேணி நடையை நிறுத்தாமல். "தீபத்துக்கு வாங்க, ஆயிடும்."

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஒரு பக்கம் சாய, நான் கத்த, ஏழுமலை முருகா என்றான். தட்டு விழவில்லை.

அகல் அழுத்தும் கொட்டகையில் பெண்கள் மண்ணை மிதித்து உருட்டி, ஈரத் துணி போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் துணியை விலக்கினார்கள். ஏழுமலை பிரஸ்ஸின் அடியில் மல்லாந்து படுத்துப் போல்ட்டுகளைப் பூட்டினான். குழிகளுக்கு நேர் கீழே வரும் போல்ட்டுகளைக் கையாலேயே முதலில் ஏற்றினான், ஸ்பானரைக் கடைசியில்தான் எடுத்தான். நான் மேலிருந்து குழிகளின் அடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு புடைப்பும் இல்லை.

அம்சவேணி குழிகளில் மண்ணை வைத்தார். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து இழுத்தார். குமிழ்கள் இறங்கின. கைப்பிடியை விட்டதும் நான் விளக்குகளைப் பார்க்கவில்லை. அவர் ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, காலியான குழிகளைத்தான் குனிந்து பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை, எல்லாம் முழுசாக இருந்தது.

அவர் ஒரு விளக்கை எடுத்து அடியை விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். திருப்பினார், விளிம்பைத் தடவினார். பிறகு பலகையில் கவிழ்த்து வைத்தார்.

"இன்னாக்கா, எப்டி இருக்கு?" என்றார் முதலாளி.

அம்சவேணி அதற்குள் அடுத்த உருண்டையைக் குழியில் வைத்துக்கொண்டிருந்தார். "தள்ளி நில்லுங்க தம்பி, மண்ணு காயுது" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் தள்ளி நின்றோம்.